அளவும் அசைவும்



எங்கள் பங்கு மன்றத்தில் மாலை வேளைகளில் பதினைந்து பேர் கூடிப் படிக்கிறார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்களும் இளம்பெண்களும் அவர்கள். தமிழும் வரலாறும் வணிகவியலும் படித்துப் பட்டம் பெற்றவர்கள். விளக்கையும் மின்விசிறியையும் போட்டுக் கொடுப்பதோடு என் பணி முடிந்ததென்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் அவர்களில் ஒரு பெண் எழுந்து, "சாமி, மற்றப் பாடமெல்லாம் எப்படியோ படித்துவிடுகிறோம். அலகு, திசைவேகம், முடுக்கம் என்று வந்தால் மட்டும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கு அது வராது" என்றாள்.

நானும் விஞ்ஞானப் பட்டதாரியல்லன். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் படித்தவன். ஆனாலும், "மகளே, பருத்தியை எடைபோட்டு விற்ற வீட்டில் பிறந்தவள் நீ, தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில் எண்ணிக் கட்டிய கைகள் உன் தாயின் கைகள். அளவை உனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?" என்று கேட்டேன். கேட்ட குற்றத்துக்காக நானே சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகைக்கு முன் நிற்க நேர்ந்தது. அங்கே பேசியதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். இறுதியில் ஒரு தகப்பனாரின் கேள்வியும் வரும். அதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் அளவு. "உன் வீடு எவ்வளவு தொலைவு?" என்று கேட்டால், "ஐந்து" என்று பதில் சொன்னால் போதுமா? ஐந்து மைலா, ஐந்து கிலோமீட்டரா, ஐந்து தெருவா? எண்ணும் அலகும் சேர்ந்தால்தான் அளவு. எண்ணை மட்டும் சொல்வது, பெயரைச் சொல்லாமல் முதலெழுத்தை மட்டும் சொல்வதைப் போன்றது.

இனி அந்த அலகு எல்லாருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும். ஆலய வாசலில் பூ விற்கும் மூதாட்டியின் முழம் ஒன்று. சந்தையில் பூ விற்கும் நெடிய வாலிபனின் முழம் வேறொன்று. இருவரும் நேர்மையானவர்களே. கைதான் வேறு. நம் முன்னோர் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அழகாக வாய்பாடு வைத்திருந்தார்கள். ஆனால் படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் பருத்தும் சிறுத்தும் இருந்தன.

நம் கரிசல் மண்ணுக்கே உரிய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சு வணிகத்தில் இன்றைக்கும் விலையைக் 'கண்டிக்கு இவ்வளவு' என்றே சொல்கிறார்கள். அந்தக் கண்டி 784 பவுண்டு. ஏறத்தாழ 356 கிலோகிராம். ஆனால் பழைய சென்னை மாகாணத்து வாய்பாட்டின்படி 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. அந்தக் கண்டியோ 500 பவுண்டு. ஏறத்தாழ 227 கிலோகிராம்தான். ஒரே சொல்; இரண்டு எடை. இடையிலே உள்ள வேறுபாடு 129 கிலோ! எந்தக் கண்டி என்று தெரியாமல் கைநாட்டு வைக்கிற விவசாயியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அளவை தெரியாதவன் தேர்வில் மட்டுமல்ல, வாழ்விலும் இழக்கிறான்.

நூலுக்கும் அளவு உண்டு. கோவில்பட்டி ஆலைகளில் வேலை பார்த்த பெரியவர்கள் 'நாற்பதாம் நம்பர் நூல்' என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட கண்ணிகள் எத்தனை இருக்கின்றனவோ, அதுவே நூலின் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூலின் நீளம் 33,600 கெஜம், ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர். இங்கே பிடித்து இழுத்துக்கொண்டு போனால் சாத்தூரையும் தாண்டிவிடும்! நூல் மெலிய மெலிய நம்பர் கூடும். இதைச் சொன்னபோது, இயற்பியல் வராது என்ற அதே பெண், "இது எங்கள் தாத்தா சொல்லும் கணக்கல்லவா!" என்று வியந்தாள். ஆம், மகளே, இயற்பியல் உன் தாத்தாவின் சட்டைப் பையில்தான் இருந்தது.

உலகத்துக்கெல்லாம் பொதுவான ஓர் அளவை வேண்டும் என்று கனவு கண்டவர்களுள் ஒருவர் ஒரு குருவானவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பிரான்சு நாட்டு லியோன் நகரில், புனித பவுல் ஆலயத்தில் பணியாற்றிய கபிரியேல் மூத்தோன் என்பவர், 1670ஆம் ஆண்டிலேயே ஒரு யோசனையை வெளியிட்டார். அரசனின் கையையும் காலையும் விட்டுவிட்டுப் பூமியின் சுற்றளவையே அளவுகோலாகக் கொள்வோம். அதைப் பத்துப் பத்தாகப் பகுப்போம் என்றார். அவர் காலத்தில் அது நடக்கவில்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கை 'மீட்டர்' என்று வகுத்தார்கள். 1799இல் பிளாட்டினத்தாலான மீட்டரும் கிலோகிராமும் பாரீசில் வைக்கப்பட்டன. 1875 மே 20 அன்று பதினேழு நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வீசையும் சேரும் போய், கிலோவும் லிட்டரும் வந்தன. இந்தியாவுக்கு வழங்கப்பெற்ற 57ஆம் எண் கிலோகிராம் படிக்கல் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. இன்று உலகம் உலோகக் கட்டிகளையும் கடந்துவிட்டது. ஒளி வெற்றிடத்தில் 1 வினாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது என்பதைக் கொண்டு 1983இல் மீட்டரை வரையறுத்தார்கள். 2019 மே 20 முதல் கிலோகிராமும் பிளாங்க் மாறிலி என்னும் இயற்கையின் மாறா எண்ணைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. தேர்வெழுதுவோர் மனத்திலிருத்த வேண்டிய அடிப்படை அலகுகள் ஏழு: நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்குக் கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்குக் கேண்டிலா. மற்ற அலகுகளெல்லாம் இவற்றின் பிள்ளைகள்.

அலகில் கவனம் பிசகினால் என்ன ஆகும்? 1999 செப்டம்பரில் அமெரிக்கா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய விண்கலம் ஒன்று அங்கே சேர்ந்த வேளையில் அழிந்துபோயிற்று. ஒரு குழுவினர் பவுண்டுக் கணக்கில் தந்த எண்ணை மற்றொரு குழுவினர் நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டதே காரணம். மெத்தப் படித்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், நாம் விடைத்தாளில் அலகை எழுதாமல் விடலாமா?

நம் மழைக் கணக்கையும் பாருங்கள். கரிசல் காட்டில் 'ஓர் உழவு மழை' என்பார்கள். ஏர் போகுமளவுக்கு மண் நனைந்தது என்பது பொருள். வானிலை நிலையத்தார் 25 மில்லிமீட்டர் என்பார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். கூலி கேளாமல் ஆண்டவர் இறைத்துத் தந்த தண்ணீர்! எண் தெரிந்த பிறகு நன்றியும் கூடுகிறது.

அளவையில் ஒழுங்கு என்பது விவிலியம் மிகவும் வற்புறுத்தும் அறம் என்பதையும் நினைவூட்டுகிறேன். லேவியர் நூலும் நீதிமொழிகள் நூலும் கள்ளத் தராசைக் கண்டிக்கின்றன. மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கிய வணிகரை இறைவாக்கினர் ஆமோஸ் கடிந்துகொண்டார். நம் மக்களில் கடை வைத்திருப்போரும் உண்டு. விளைச்சலை விற்போரும் உண்டு. தராசில் உரிய முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது விற்பவனின் கடமை; பார்த்துக் கேட்பது வாங்குபவனின் உரிமை. நூற்றுக்கு இரண்டு கிலோ குறைத்துக் காட்டும் தராசில் பத்துக் குவிண்டால் உளுந்து போட்டால், இருபது கிலோ உளுந்து ஓர் ஏழையின் வீட்டிலிருந்து ஓசையின்றி எடுக்கப்படுகிறது. ஓசையில்லாததால் அது களவு ஆகாமற் போகாது.

இனி அசைவு. நம் ஊர்த் திருவிழாவில் சப்பரம் ஆலயத்திலிருந்து புறப்பட்டு, நான்கு தெருவும் சுற்றி, மீண்டும் ஆலய வாசலுக்கே வந்து சேர்கிறது. சென்ற தொலைவு 2 கிலோமீட்டர் இருக்கலாம். ஆனால் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் ஒன்றே. ஆகவே இடப்பெயர்ச்சி சுழியம். தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. தொலைவைக் காலத்தால் வகுத்தால் வேகம். இடப்பெயர்ச்சியைக் காலத்தால் வகுத்தால் திசைவேகம். ஆடி மாதத்தில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றைப் பற்றி, 'மணிக்கு 36 கிலோமீட்டர்' என்றால் வேகம். 'மேற்கிலிருந்து கிழக்கே மணிக்கு 36 கிலோமீட்டர்' என்றால் திசைவேகம்.

மணிக் கணக்கை வினாடிக் கணக்காக்க ஓர் எளிய வழி: 5ஆல் பெருக்கி 18ஆல் வகுக்க வேண்டும். 1 கிலோமீட்டர் 1,000 மீட்டர். 1 மணி 3,600 வினாடி. 1,000க்கும் 3,600க்கும் உள்ள விகிதம்தான் 5க்கு 18. ஆகவே மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். 72 என்பது 20. 108 என்பது 30. இந்த மூன்று எண்களையும் மறவாதிருங்கள்.

திசைவேகம் மாறும் விகிதமே முடுக்கம். நம் காட்டுக் கிணற்றில் ஒரு கல்லைப் போடுங்கள். முதல் வினாடியில் அது 4.9 மீட்டர் விழும். இரண்டாம் வினாடியில் 14.7, மூன்றாம் வினாடியில் 24.5. ஒன்றுக்கு மூன்றுக்கு ஐந்து என்னும் ஒற்றைப்படை விகிதம் இது. கல் நீரைத் தொட இரண்டு வினாடியானால் நீர்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கயிறில்லாமலே கிணற்றை அளந்துவிட்டோம்!

இந்த விதியைக் கண்டவர் கலிலேயோ. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதித்ததற்காக 1633இல் திருச்சபையின் தீர்ப்புமன்றம் அவரைத் தண்டித்தது. அவ்வழக்கில் நேர்ந்த தவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் அதே பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரிச்சோலி என்ற இயேசு சபைக் குருவைப் பலர் அறியார். பூமி சுழல்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை. கலிலேயோவின் எதிர்க்கட்சி என்றே சொல்லலாம். விழும் பொருள்களைப் பற்றிக் கலிலேயோ சொன்னதையும் சோதித்துவிட விரும்பினார். அதற்குத் துல்லியமான கடிகாரம் வேண்டும், அக்காலத்தில் இல்லை. தம் சபைச் சகோதரர்களைக் கூட்டி, ஓர் ஊசலை ஒரு முழு நாள், இரவும் பகலும், ஆடவிட்டு ஒவ்வோர் ஆட்டத்தையும் எண்ணச் செய்தார். ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அவர்கள் எண்ணிய ஆட்டங்களோ ஏறத்தாழ 87,000. அப்படி அளந்தறிந்த ஊசலைக் கொண்டு, பொலோஞ்ஞா நகரின் உயர்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளை விழவிட்டுக் கணக்கிட்டார். ஒன்றுக்கு மூன்றுக்கு ஐந்து! கலிலேயோ சொன்னது சரியே என்று கண்டு, அதை 1651இல் தம் நூலில் மறைக்காமல் வெளியிட்டார். தாம் ஏற்காதவரின் கூற்று உண்மையென்று அளவு காட்டியபோது, அளவுக்குத் தலைவணங்கினார். படிப்பாளிக்கு வேண்டிய முதல் புண்ணியம் இதுவே.

பின்னர் வந்த நியூட்டன் 1687இல் மூன்று விதிகளை வகுத்தார். வெளியிலிருந்து விசை ஏதும் தாக்காத வரை நிற்பது நின்றுகொண்டேயிருக்கும், ஓடுவது நேராக ஓடிக்கொண்டேயிருக்கும் என்பது முதல் விதி. பேருந்து சட்டென்று நிற்கும்போது நாம் முன்னே சாய்வது இதனால்தான். பேருந்து நின்றுவிட்டது, நம் உடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறை மிகுந்த பொருளை முடுக்கவும் நிறுத்தவும் மிகுந்த விசை வேண்டும் என்பது இரண்டாம் விதி. பாரவண்டியைக் கிளப்ப மாடுகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி.

இவ்வளவும் முடிந்த மாலையில், நான் சொல்வதாக வாக்களித்த கேள்வி என் நினைவுக்கு வந்தது.

சில மாதங்களுக்கு முன், நான்குவழிச் சாலையில் இருசக்கர வண்டியில் சென்ற இருபது வயது இளைஞன் ஒருவனை நாங்கள் அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பின், அவனுடைய தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி வாங்கி மூன்று மாதந்தான், சாமி. பிரேக் புதிது. பிறகு ஏன் நிற்கவில்லை?" என்று கேட்டார். இறைவனின் திருவுளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது பிரேக்கைப் பற்றி. எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் அவர் அருகே நின்றேன்.

அந்தப் பதில்தான் அன்று கரும்பலகையில் எழுதியிருந்தது. நல்ல பிரேக் வண்டியின் வேகத்தை வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்ணால் கண்டு கையால் பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் செல்பவன், அந்த ஒரு வினாடியில் 10 மீட்டர் போய்விடுகிறான். பிறகு நிற்க 2 வினாடி. அப்போது சராசரி வேகம் 5. செல்லும் தூரம் 10. ஆக மொத்தம் 20 மீட்டர்.

மணிக்கு 72இல் செல்பவனுக்கு அந்த முதல் வினாடியிலேயே 20 மீட்டர் போய்விடுகிறது. நிற்க 4 வினாடி, சராசரி வேகம் 10, தூரம் 40. மொத்தம் 60 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானதும் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிவிட்டது. ஏனெனில் நிற்க ஆகும் நேரமும் இரட்டித்தது; சராசரி வேகமும் இரட்டித்தது. மணிக்கு 108இல் செல்பவனுக்கோ முதலில் 30, பின்னர் 90. மொத்தம் 120 மீட்டர்.

இப்போது சாலையில் 60 மீட்டருக்கு அப்பால் ஒரு லாரி திரும்புகிறது என்று கொள்வோம். 72இல் வந்தவன் அதைத் தொடாமல் தொட்டு நிற்பான். 108இல் வந்தவன்? முதல் 30 மீட்டர் பிரேக்கைத் தொடுவதற்குள் போயிற்று. எஞ்சிய 30 மீட்டரில் பிரேக் என்ன செய்யும்? வேகத்தின் வர்க்கம் 900. அதிலிருந்து பிரேக் கழிப்பது 2 பெருக்கல் 5 பெருக்கல் 30, அதாவது 300. மீதி 600. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 24.5. அவன் அந்த லாரியில் மோதும்போது வண்டியின் வேகம் மணிக்கு 88 கிலோமீட்டர்! பிரேக் புதியதுதான். தன் வேலையைக் குறைவின்றிச் செய்தது. ஆனால் அதற்கு வேண்டிய தூரத்தை நாம் கொடுக்கவில்லை. மண் ஈரமாயிருந்தாலோ, டயர் தேய்ந்திருந்தாலோ, கண்ணும் கருத்தும் கைப்பேசியில் இருந்தாலோ கணக்கு இன்னும் கொடியதாகும்.

அந்தப் பிள்ளைகள் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் ஒருவன், "அறுபது மீட்டர் என்பது எவ்வளவு, சாமி? பார்க்க வேண்டும்" என்றான். எல்லாருமாக வெளியே வந்து, அளவுநாடாவைப் பிடித்து, ஆலய வாசலிலிருந்து அளந்தோம். நாடா கொடிமரத்தைத் தாண்டி, கெபியையும் தாண்டி, வெளிக்கதவு வரை சென்றது. அவர்களில் எட்டுப் பேர் வண்டியில் வருகிறவர்கள். தலைக்கவசம் அணிந்து வந்தவர்கள் அன்று இருவர் மட்டுமே. விரைந்து வரும் பந்தைப் பிடிக்கையில் கையைப் பின்னே இழுத்துக்கொள்கிறோம் அல்லவா? நிற்கும் தூரம் சற்றே கூடினால் தாக்கும் விசை குறைகிறது. தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள மெத்தையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சென்ற வாரம் அந்தத் தகப்பனாரைக் கண்டு, இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். காட்டலாமா என்று பல நாள் தயங்கியே சென்றேன். அவர் எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தார். மகன்மேல் குற்றம் சொல்லவில்லை, என்மேல் கோபிக்கவுமில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இதை மற்றப் பையன்களுக்குச் சொல்லுங்கள், சாமி. பேரை மட்டும் போட வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னபடியே சொல்லிவிட்டேன். பெற்றோரே, மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்குமுன், ஒரு மாலை அவனை வாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். சாதாரண நடையில் எண்பது எட்டு வையுங்கள். ஏறத்தாழ அறுபது மீட்டர் வரும். அங்கே நின்றுகொண்டு, மேற்சொன்ன கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். வைவதைவிடக் கணக்கு நன்றாகக் கேட்கும். எல்லாவற்றையும் அளவோடும் எண்ணோடும் எடையோடும் படைத்த ஆண்டவர், அளந்து வாழும் அறிவையும் நம் பிள்ளைகளுக்கு அருள்வாராக.